வெள்ளைக்காரன் போய்விட்டான், எது போகவில்லை? திருகோணமலையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

திருகோணமலையில் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பிரித்தானியர் ஆட்சி நம்மில் எதை விட்டுவிட்டுப் போனது என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டதும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மருமக்கள் கேட்டதும், தேநீர்க் கடையில் நண்பர்கள் வாதாடியதும் இங்கே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் சொல்ல முடியாது. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சில கேள்விகள் என்னை இன்னும் தூங்க விடுவதில்லை.

வெள்ளைக்காரர் எப்போது இங்கே வந்தார்கள், எப்போது போனார்கள்?

1795 ஓகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மொத்தம் 162 வருடம்.

இந்த 1957ஐக் கவனியுங்கள். நாடு சுதந்திரம் பெற்றது 1948இல். ஆனால் அதற்கு முன்பே, 1947இல் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி இந்தத் துறைமுகம் அவர்கள் கையிலேயே இருந்தது. கொழும்பில் கொடி இறங்கி ஒன்பது வருடத்துக்குப் பிறகுதான் எங்கள் ஊரில் இறங்கியது. பாடப்புத்தகத்தில் 1948 என்று படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆட்சி செய்ய வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு வெள்ளைக்காரர் இங்கே அகப்பட்டுக்கொண்ட கதையும் உண்டு. கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய கப்பலிலிருந்து இறங்கிய றொபேட் நொக்ஸை 1660இல் மூதூரில் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துப் போனார்கள். பத்தொன்பது வருடச் சிறைக்குப் பிறகு தப்பி ஓடி, 1681இல் அவர் எழுதி வெளியிட்ட நூல்தான் இங்கிலாந்துக்காரர் இலங்கையைப் பற்றி விரிவாக வாசித்த முதல் நூல். அவர் பிடிபட்ட இடத்தை மூதூர்க்காரர் இன்றும் வெள்ளைக்காரன் மரத்தடி என்கிறார்கள்.

இவ்வளவு பெரிய சாம்ராச்சியத்துக்கு இந்தச் சின்ன ஊர் எதற்கு?

காற்றுக்காக. வாடைக்காற்று எழும்பும் மாதங்களில் சோழமண்டலக் கரை முழுவதிலும் பெரிய கப்பல்கள் ஒதுங்கி நிற்க இடம் இல்லை. சென்னையில் அன்று துறைமுகமே கிடையாது, திறந்த கடல்தான். புயலில் அடிபட்ட கப்பலைத் திருத்தவும், எதிரியைக் காத்து நிற்கவும், நல்ல தண்ணீர் ஏற்றவும் மலைகள் சூழ்ந்த ஆழமான குடா ஒன்று வேண்டியிருந்தது. திருகோணமலையைப் போல இன்னொன்று இந்தக் கரையில் இல்லை. அதனால்தான் 1782இல் மட்டும் இந்த ஊர் இரண்டு தடவை கைமாறியது: ஜனவரியில் பிரித்தானியர், ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர்.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். அவர்களுக்கு வேண்டியிருந்தது துறைமுகம். ஊர் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த சாமான். வீதி போட்டாலும், தண்டவாளம் போட்டாலும், தண்ணீர்க் குழாய் போட்டாலும் அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கடற்படைத் தளத்தின் பக்கம்தான் போகும்.

‘ட்ரிங்கோ’ என்பது யார் வைத்த பெயர்? ஊர்ப் பெயர்களில் அவர்கள் இருக்கிறார்களா?

திருகோணமலையை நாக்கில் சுருட்டிச் சுருட்டி ஐரோப்பியர் செய்த பெயர்தான் ட்ரிங்கோமலி. பிறகு அது ட்ரிங்கோ ஆனது. இன்று பஸ் நடத்துனர் கூவுவதும் அதைத்தான், வெளிநாட்டில் இருக்கும் என் மருமகன் தன் ஊரென்று சொல்வதும் அதைத்தான். 1817இல் பம்பாயில் தேக்குமரத்தால் கட்டிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றுக்கும் ட்ரிங்கோமலி என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் கப்பல் இன்னும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் மிதக்கிறது.

ஊருக்குள் பெயர்கள் இரண்டு பக்கமும் இழுபட்டிருக்கின்றன. இங்கிலிஸில் ஓர்ஸ் ஹில், தமிழில் உவர்மலை. ஒலி எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். அலஸ் காடின் என்பது நம் வாயில் அலஸ்தோட்டம். மட் கோவ் என்பது மட்கோ. மட்கோவில் பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்கு அது சேற்றுக் குடா என்று பொருள்படும் இங்கிலிஸ் என்பதே தெரியாது. தெரியாமல் இருப்பதில் தவறில்லை. அந்தச் சொல் நம்முடையதாகிவிட்டது. மூன்றாம் கட்டை, ஐந்தாம் கட்டை, ஆறாம் கட்டை என்று நாம் சொல்லும் இடங்களெல்லாம் அவர்கள் நட்ட மைல்கல்லின் கணக்கு. கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, கட்டை போகவில்லை.

கோணேசர் கோவிலை இடித்தது இங்கிலிஸ்காரரா?

இல்லை. 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். இடித்த கல்லைக்கொண்டு கோட்டையும் கட்டினார்கள். ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பெருப்பித்தார்கள். இங்கிலிஸ்காரர் 1803இல் அதற்குப் பிரட்றிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். தங்கள் அரசரின் மகனான யோர்க் கோமகனின் பெயர் அது. அந்த மனிதர் இந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை.

அவர்கள் காலத்தில் பாறை உச்சியில் நம்மவர் பூசை செய்தார்கள், கோவில் இல்லை. கோவில் எழும்பியது சுதந்திரத்துக்குப் பின். 1950இல் கிணறு வெட்டும்போது விக்கிரகங்கள் வெளிவந்தன. 1956இல் கடலுக்கடியில் தூண்களும் சிதைவுகளும் காணப்பட்டன. 1963இல் குடமுழுக்கு நடந்தது.

கோட்டை வாசலில் ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, பாண்டியர் மீன் சின்னத்தோடு. குளக்கோட்டன் என்ற அரசன் செய்த கோவில் திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான், அதன்பின் பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் ஆள்வார்கள் என்று வருங்காலம் சொல்வதாக ஊர்ப் பெரியவர்கள் அதை வாசித்துக் காட்டுவார்கள். புகைக்கண்ணன் என்றால் இங்கிலிஸ்காரன் என்பது என் அம்மப்பா சொன்ன விளக்கம். கடவுளைக் காண இன்றும் நாம் அந்தப் பிரட்றிக்கின் வாசலால்தான் நுழைய வேண்டியிருக்கிறது. இராணுவம் இருக்கிறது, மான்கள் மேய்கின்றன, நாம் தேங்காயும் பழமும் கையில் கொண்டு ஏறுகிறோம். ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

கடற்படைத் தளம் ஊர்ச் சனத்தின் வாழ்க்கையை எப்படி மாற்றியது?

இதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். அம்மப்பா டொக்யாட் என்ற கடற்படைக் கப்பல் பட்டறையில் பிட்டர், யந்திரம் பொருத்துபவர். அவருடைய அப்பாவுக்கு வயலும் மாடும் இருந்தன. நெல் விளைந்தால் சாப்பாடு, விளையாவிட்டால் கடன். அம்மப்பாவுக்கு மாதம் முடிந்தால் சம்பளம். இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. மழைக்குக் காத்திருந்த குடும்பம் சங்கொலிக்குக் காத்திருக்கப் பழகியது. காலை சங்கு ஊதினால் ஊர் எழும்பும், மாலை சங்கு ஊதினால் ஊர் குளிக்கும் என்று அம்மம்மா சொல்வார்.

சம்பளத்தோடு வேறு பலவும் வீட்டுக்குள் வந்தன. சுவரில் மணிக்கூடு, ஞாயிற்றுக்கிழமை லீவு, தகரப் பேணியில் பால்மா, காலையில் பாணும் சம்பலும். ஊருக்குள் புது மேல், கீழ் என்ற வரிசையும் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி, அடுத்து ஐரோப்பியர் வழி வந்த பறங்கி உத்தியோகத்தர், அடுத்து இங்கிலிஸ் தெரிந்த கிளாக்கர், அடுத்து கைவேலைக்காரர், கடைசியில் கூலி. நம் சாதி வரிசை ஏற்கெனவே இருந்தது. அது அழியவில்லை, அதற்கு மேல் இன்னொரு வரிசை விரித்தார்கள். ஆனால் அந்த இரண்டாவது வரிசையில், பிறப்பால் மேலே ஏற முடியாதவன் ஒருவன் கைத்தொழிலால் ஓரளவு ஏறியதும் உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. அன்றைக்குத்தான் ஹேமிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் தாழ்ந்தது. அம்மம்மா இரண்டு பிள்ளைகளையும் ஒரு அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு தம்பலகாமத்துக்கு நடந்தார். “யாரோ இரண்டு பேர் சண்டை, நாங்கள் ஏன் ஓட வேண்டும்?” என்று வழி முழுக்க கேட்டுக்கொண்டே போனாராம். தளம் சோறு போட்டது. குண்டையும் அதே தளம்தான் கூப்பிட்டது.

பிறகு 1957. தளம் ஒப்படைக்கப்பட்டதும் தேசம் மகிழ்ந்தது, மகிழத்தான் வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் அன்று பல வீடுகளில் அடுப்பு யோசித்துத்தான் எரிந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய அம்மப்பா சைக்கிள் திருத்தும் கடை போட்டார். அந்நிய ஆட்சியை வெறுத்தவர் அவர். ஆனாலும் அந்தச் சங்கொலி நின்ற நாளைப் பற்றிப் பேசும்போது குரல் உடையும். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் ‘அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா’ என்ற கேள்விக்கு என்னால் ஒரு சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை.

படிப்பைத் தந்தது இங்கிலிஸ்காரர்தானே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் ஒரு தவணையும் கடந்ததில்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் அவர்களுக்கு முன்பே இருந்தது. எண், எழுத்து, நிகண்டு, புராணம் என்று அங்கே படித்தார்கள். ஆனால் அதில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இங்கிலிஸ்காரர் செய்தது என்ன? 1830களில், இங்கே நிர்வாகத்தைச் சீர்திருத்த லண்டன் அனுப்பிய கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி நிர்வாகத்துக்கு இங்கிலிஸ் படித்த உள்ளூர்க்காரர் தேவைப்பட்டார்கள். சம்பளம் குறைவாகக் கொடுக்கலாம் அல்லவா. அந்தத் தேவைக்கு ஏற்ற அளவுக்குப் பள்ளிக்கூடம். 1814இல் தொடங்கி மெதடிஸ்த மிஷனரிமார் வந்தார்கள், பிறகு கத்தோலிக்கக் குருமார். 1870 வாக்கில் அரசாங்கம் தனியார் பள்ளிகளுக்கு உதவிநன்கொடை கொடுக்கத் தொடங்கியதும், ஏற்கெனவே பள்ளி வைத்திருந்த மிஷன்கள்தான் அதில் பெரும்பங்கு பெற்றன. இதனால் இரண்டு வகைப் பள்ளிகள் உருவாகின. இங்கிலிஸ் பள்ளிக்குக் காசு கட்ட வேண்டும், அதில் படித்தால் உத்தியோகம். தமிழ்ப் பள்ளி இலவசம், அதில் படித்தால் கையெழுத்துப் போடத் தெரியும். ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள், இரண்டு எதிர்காலம்.

இங்கேதான் எங்கள் ஊர் பெருமைப்பட வேண்டிய விஷயம் வருகிறது. படிக்க வேண்டுமென்றால் மதம் மாற வேண்டுமோ என்று பயந்த பெற்றோர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1897இல் இந்துக் கல்லூரி தொடங்கியது. 1920களில் அதை இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பெடுத்தது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அங்கே அதிபராக இருந்தார். அவர் இங்கிலிஸும் விஞ்ஞானமும் கற்றவர், பண்டிதர் பரீட்சையும் எழுதியவர், பிறகு பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். பெண் பிள்ளைகளுக்காகத் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மையார் 1923இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். சண்முகா என்று நாங்கள் சொல்வது அதைத்தான். முஸ்லிம் பெற்றோரும் இதே பயத்தால் நீண்டகாலம் மிஷன் பள்ளிகளை விட்டு விலகி நின்றார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் படிப்பு பிந்தியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இடைவெளியைப் பிறகு அவர்களே கஷ்டப்பட்டு அடைத்தார்கள்.

அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. அது அந்நியர் தந்த பிச்சை அல்ல. மக்கள் தெரிவுசெய்த அரசாங்க சபையில் போராடிப் பெற்றது. ஆக, படிப்பைத் தந்தது யார் என்று கேட்டால் என் பதில் இதுதான்: ஒரு கதவைத் தங்கள் தேவைக்காக அவர்கள் கொஞ்சம் திறந்தார்கள். தள்ளி முழுக்கத் திறந்தது நம்மவர்.

இங்கிலிஸ் படிப்பு தமிழை அழித்துவிட்டதா?

அழிக்கவில்லை, திசைமாற்றியது. 1895இல் சென்னையில் ‘மோகனாங்கி’ என்ற தமிழ் வரலாற்று நாவல் வெளிவந்தது. எழுதியவர் திருகோணமலைக்காரரான த. சரவணமுத்துப்பிள்ளை. நாவல் என்ற வடிவமே இங்கிலிஸ் வழியாக வந்தது. அதில் அவர் ஊற்றியதோ நாயக்கர் காலத் தமிழ்நாட்டுக் கதை. இப்படி எடுத்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் நம் ஊரில் இருந்தார்கள் என்று இன்றைய பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பிரிவை வெள்ளைக்காரன்தான் உண்டாக்கினானா?

‘எல்லாம் அவன் செய்த பிரித்தாளும் சூழ்ச்சி’ என்று சொல்லிக் கையைக் கழுவுவது எனக்குப் பிடிக்காது. மொழியும் மதமும் வேறுவேறாக முன்பே இருந்தன. அவற்றை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதுவரை மனிதருக்கு ஊர், சாதி, தொழில், கோவில், பள்ளிவாசல் என்று பல அடையாளங்கள் கலந்து இருந்தன. தம்பலகாமத்தான் என்பதும் ஒரு அடையாளம்தான். அந்தக் கலவையிலிருந்து ஒன்றை மட்டும் பிடுங்கி, அதுதான் நீ என்று கடதாசியில் எழுதி, அதற்கு ஏற்ப ஆசனமும் சலுகையும் பங்கிட்டது அவர்களின் வேலை.

1833இல் சட்டநிரூபண சபை அமைத்தபோது அரசாங்க உத்தியோகம் இல்லாத உறுப்பினரில் ஐரோப்பியருக்கு மூன்று, சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று என்று பிரித்தார்கள். 1889இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வொன்று சேர்ந்தது. இனத்துக்கு ஒரு நாற்காலி என்றால், நாற்காலி வேண்டியவன் இனத்தைத்தானே பெரிதாகக் காட்டுவான்? 1871இல் முறையான குடிசனக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு ஆளும் ஒரே ஒரு பெட்டிக்குள் விழ வேண்டும். 1911 கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தமிழரையே இரண்டு பெட்டியாக்கினார்கள். அப்போது அது வெறும் எண்ணிக்கைதான். ஆனால் 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்த இரண்டாவது பெட்டியில் இருந்த இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவராக்கப்பட்டார்கள். சட்டத்தை நிறைவேற்றியது வெள்ளைக்காரன் இல்லை, சுதந்திர நாட்டின் பாராளுமன்றம். அதற்கு ஆதரவாகக் கை உயர்த்திய தமிழரும் இருந்தார்கள். பெட்டி மட்டும் பழையது.

சோனகர் என்ற பெயரையும் எடுத்துப் பாருங்கள். அது தமிழில் சங்க காலத்து ‘யவனர்’ தொட்டு வரும் பழைய சொல்லின் வழி. போர்த்துக்கேயர் தங்கள் நாட்டு வழக்கப்படி மூர் என்றார்கள். இங்கிலிஸ்காரர் அதையே கணக்கெடுப்பில் போட்டார்கள். தமிழ் பேசும் முஸ்லிம்கள் தமிழரா தனி இனமா என்று 1880களில் பெரிய வாதம் நடந்ததும் சபை ஆசனத்தை ஒட்டித்தான்.

உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அப்பாவின் இனம் என்று ஒரு கூடு இருக்கும். ஜமாலியாவில் என்னோடு படித்த நண்பனுக்கு இலங்கைச் சோனகர், எனக்கு இலங்கைத் தமிழர். இரண்டு பேரும் ஒரே ஆசிரியரிடம் தமிழ் படித்தோம், ஒரே கடற்கரையில் பந்து அடித்தோம். கலவரக் காலத்தில் அந்தக் கூட்டில் எழுதியிருந்த சொல்தான் அவன் எந்தத் தெருவால் போகலாம், நான் எந்தத் தெருவால் போகலாம் என்று தீர்மானித்தது.

பறங்கியர் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். பாலையூற்றுப் பக்கம் போனால் போர்த்துக்கேய வழி வந்த குடும்பங்களைக் காணலாம். வீட்டில் தமிழ், பெயரில் போர்த்துக்கல், கலியாண வீட்டில் பைலாப் பாட்டும் ஆட்டமும். நம் வீட்டுச் சாமான்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்: கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண், குசினி, துவாய் எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் தந்தவை. இங்கிலிஸ் சொற்களை எண்ணவே வேண்டாம்.

சட்டமும் அரசாங்கக் கந்தோர்களும்?

மாவட்டச் செயலகம் என்று பலகை மாற்றியாகிவிட்டது. ஆனாலும் நாம் கச்சேரிக்குத்தான் போகிறோம், அங்கே இருக்கும் அரசாங்க அதிபரை ஜீஏ (கவர்ன்மென்ட் ஏஜன்ட்) என்றுதான் சொல்கிறோம். தண்டனைச் சட்டக்கோவை 1883இல் எழுதியது, திருத்தங்களோடு இன்றும் அதுதான். 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை எழுத்தில் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசின் காணி என்று கொள்ள வழிசெய்தது. பரம்பரையாகக் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்த சனத்திடம் ஏது காணி உறுதிப் பத்திரம்? இன்று காட்டுத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைப் பார்த்து ஒரு கமக்காரன் தலையில் கைவைத்தால், அந்தக் கதையின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையும் அவர்கள் கணக்கில் எழுதலாமா?

பாதிதான். ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் தெரிந்த மொழியில் நாட்டை நடத்தியது அவர்கள் குற்றம். சிங்களக் கிராமத்து ஏழைக்கும் நீதிமன்றத்தில் தன் வழக்கு விளங்கவில்லை, தமிழ்க் கிராமத்து ஏழைக்கும் விளங்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. இங்கிலிஸ் எழும்பிய நாற்காலியில் இரண்டு மொழியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கலாம். சிங்களம் மட்டும் என்று சட்டம் செய்தது நம் நாட்டுத் தலைவர்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அதற்கிடையில் முப்பத்தொரு வருடம் போயிருந்தது. இன்றும் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு கிழவி சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார்.

அவர்கள் போய் இத்தனை வருடமாகியும் இங்கிலிஸ் பேசினால் ஏன் தனி மதிப்பு?

ஏனென்றால் அந்த மதிப்பு வயிற்றோடு கட்டப்பட்டது. நூறு வருடத்துக்கு மேலாக இங்கிலிஸ் என்றால் சம்பளம், ஓய்வூதியம், நல்ல சம்பந்தம், நீதவான் முன்னால் கூனாமல் நிற்பது. அப்படிப் பழகிய கண் ஒரு தலைமுறையில் மாறாது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சை. கேள்வி கேட்டவர்கள் மூன்று பேரும் நம் நாட்டவர், ஒருவர் தமிழர். கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு நன்றாகத் தெரியும். இங்கிலிஸில் வாய் வரவில்லை. தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டேன். அந்தத் தமிழரே மேசையைப் பார்த்துக்கொண்டு, வேண்டாம் தம்பி, நீங்கள் போகலாம் என்றார், இங்கிலிஸில். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம். எனக்கு அறிவில்லை என்று நானே நம்பினேன். அந்த நம்பிக்கை கழலப் பத்து வருடம் எடுத்தது.

அதனால் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: இங்கிலிஸ் படியுங்கள், நன்றாகப் படியுங்கள், உலகத்தோடு பேச அது வேண்டும். ஆனால் பிழையாகப் பேசும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இப்போது சர்வதேசப் பாடசாலைகளில் தமிழில் பேசினால் தண்டம் என்று கேள்விப்படும்போது, அந்த நேர்முக அறை திரும்பவும் என் முன்னால் வந்து நிற்கிறது.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி ஏன் இத்தனை சத்தம்?

கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய பிறகு, 1920களிலிருந்து பிரித்தானியக் கடற்படை காட்டுக்குள் கட்டியவை அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 தாக்குதலில் ஒன்று அழிந்தது. இன்று 99 நிற்கின்றன. பெரும்பாலானவை பல பத்தாண்டு காலம் பற்றை மூடிக் கிடந்தன. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலும் அவை பேசப்பட்டன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 இந்திய எண்ணெய்க் கம்பனியிடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த நிறுவனத்திடம். பேச்சுவார்த்தை டில்லியிலும் கொழும்பிலும் நடக்கிறது. சீனக்குடாச் சனத்தை இதுவரை ஒருவரும் மேசைக்குக் கூப்பிட்டதாக நான் அறியேன்.

நல்லது ஒன்றும் செய்யவில்லையா?

செய்தார்கள். 1927இல் ரயில் வந்தது. ஆஸ்பத்திரி வந்தது, அம்மை குத்தினார்கள், அதனால் உயிர்கள் பிழைத்தன. 1931இல் இருபத்தொரு வயதான ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. இங்கிலாந்திலேயே பெண்களுக்குச் சரிசமமான வாக்கு 1928இல்தான் கிடைத்தது. அதற்கு முன் 1911இல் ‘படித்த இலங்கையர்’ என்ற ஒரு ஆசனத்துக்கு நடந்த தேர்தலில் வாக்குப் போடத் தகுதி பெற்றவர் நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் குறைவு. அங்கிருந்து இருபது வருடத்தில் வயலில் நிற்கும் பெண்ணுக்கும் வாக்கு என்பது பெரிய பாய்ச்சல். அப்போது சபையிலிருந்த நம் பெரியவர்கள் பலர், சிங்களவரும் தமிழரும், அதை விரும்பவில்லை என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகளோடு ஒரு நாளில் இதையெல்லாம் எங்கே பார்க்கலாம்?

வெயில் ஏற முன்பு கோட்டை வாசலில் தொடங்குங்கள். கல்வெட்டையும் மீனையும் தடவிப் பார்க்க விடுங்கள். உள்ளே வலிங்டன் 1800 வாக்கில் தங்கிய வீடு இருக்கிறது, வோட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே ஆள். கோணேசரைக் கும்பிட்டுவிட்டு இறங்கி, நகரத்துப் பழைய சேமக்காலைக்குப் போங்கள். ஜேன் ஒஸ்ரின் என்ற இங்கிலிஸ் நாவலாசிரியையின் தம்பி, 1852இல் பர்மாவில் இறந்த கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்ரின், அங்கேதான் அடக்கம். உட்துறைமுக வீதியில் நின்று தண்ணீரைப் பாருங்கள். பசித்தால் எங்காவது பாணும் மீன் குழம்பும்.

பின்னேரம் நிலாவெளி வீதியால் உப்புவெளிப் போர் மயானத்துக்கு. புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது எழுதியிருப்பார்கள். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று என் பேத்தி சத்தமாக வாசித்துக்கொண்டு போனாள். கடைசி வரிசையில் நின்று திரும்பி, “அம்மப்பா, குண்டில செத்த எங்கட ஆக்களின்ர பெயர் எந்தக் கல்லில இருக்கு?” என்று கேட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு டொக்யாட் வீதியில் பழைய வீடுகள் இருந்த இடத்துக்குப் போய், அம்மம்மா சொன்ன பெயர்களில் எனக்கு ஞாபகம் இருந்த ஏழு பெயர்களை அவளுடைய கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.